அரணைப் பெட்டிக்கு மண் தேடியவர்

மனிதர்களில் அஸ்திவாரக்காரர் என்று ஒரு வகை உண்டு. ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். ஊர் பெரிதாக இருந்தால் தெருவுக்கு ஒருவர். வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் உங்களையும் என்னையும் போலத்தான் என்பதால் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். கிணற்று வாளிக்கு ஒரு கயிறு வாங்கிவரச் சொன்னீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் கயிறு வாங்க மாட்டார். அந்தக் கயிறு தேங்காய் நாரா புளிச்ச நாரா, நாரை ஊறப்போட்டது ஓடும் தண்ணீரிலா தேங்கிய தண்ணீரிலா, திரித்த கை வலக்கையா இடக்கையா என்று விசாரித்து, திரித்தவனைத் தேடிப் போய், அவன் ஊரில் இல்லாமல் திரும்பி வந்து, மூன்றாம் நாள் காலையில் உங்கள் வாசலில் நின்று, அவசரப்பட்டு ஏதாவது ஒரு கயிற்றை வாங்கிவிட வேண்டாம் என்று எச்சரிப்பார். அந்த மூன்று நாளும் நீங்கள் பக்கத்து வீட்டில் தண்ணீர் எடுத்திருப்பீர்கள்.

அவரைச் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி வேலையைத் தொடமாட்டான். இவர் வேலைக்கு அடியில் இருப்பதையெல்லாம் தொடுவார், தோண்டுவார், சலிப்பார், நிறுப்பார். வேலையைத்தான் தொடமாட்டார்.

இந்த வகை முழுவதற்கும் பொதுவான வாக்கியம் ஒன்று இருக்கிறது. "அடி சரியா இருக்கணும்யா. மத்ததெல்லாம் தானா நிக்கும்." இதைச் சொல்லும்போது வலது குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டுவார்கள். ஏன் இரண்டு முறை? எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தட்டோடு நிறுத்தியவரை நான் பார்த்ததில்லை.

என் ஆயுளில் இந்த வகையில் பதினொரு பேரைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். அதில் கலப்பில்லாத சரக்கு என்று சொல்லத்தக்கவர் ஒருவர்தான். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில், என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருந்த தேவஇரக்கம். ராஜபாளையத்திலும் வத்திராயிருப்பிலும் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் ஆகையால் எல்லோருக்கும் அவர் ஏட்டையா. ஆடு களவுபோன வழக்கு ஒன்றில் அந்த ஆட்டின் தாயை யார் யாரிடம் வாங்கினார் என்பதிலிருந்து விசாரணையைத் தொடங்கினார் என்றும், அது முடிவதற்குள் திருடன் சிலோனுக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிவிட்டான் என்றும் சொல்வார்கள். அதை நான் நேரில் பார்க்கவில்லை, உறுதி சொல்லமாட்டேன். நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். 1929 புரட்டாசியில் வீட்டைச் சுற்றி மதில் கட்ட அஸ்திவாரம் போட்டார். 1937லும் அது அஸ்திவாரமாகவே இருந்தது. அதன்மேல் கோழிகள் வரிசையாக நடந்து போகும். வேதாகமத்தை முழுவதும் வாசிக்க வேண்டுமென்று ஐந்து முறை ஆதியாகமத்தில் தொடங்கியவர். அஸ்திவாரம் அதுதானே? ஐந்து முறையும் யாக்கோபு எகிப்துக்குப் புறப்படும் இடத்தில் சந்தேகம் வந்து, முதல் அதிகாரத்துக்குத் திரும்பிவிட்டார். யாத்திராகமம் என்று ஒன்று இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார், அவ்வளவுதான்.

இனி அரணைக்கு வருகிறேன்.

1937 ஆகஸ்டு முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்த ஏட்டையாவின் மனைவி ஏசம்மாள், கொல்லையில் முருங்கை மரத்தடியில் கிடந்த சருகை அள்ளும்போது ஓர் அரணையைக் கண்டார். செம்புத் தகட்டைத் தேய்த்துத் துலக்கியதுபோல முதுகு, உடம்புக்குப் பொருத்தமில்லாத குட்டைக் கால்கள், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல ஒரு நிதானம். எங்கள் ஊரில் அரணை கடித்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் நம்புவார்கள். ஏசம்மாள் நம்பியதில்லை. ஒரு கொட்டாங்கச்சியை அதன்மேல் கவிழ்த்துப் பிடித்து, விளிம்பு உடைந்த பழைய பானை ஒன்றில், அதே மரத்தடியில் இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டு, ஒரு ஓட்டுத் துண்டையும் வைத்து உள்ளே விட்டுவிட்டார். இதற்கு அந்த அம்மாளுக்குப் பிடித்த நேரம் நாலு நிமிடம் என்று பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பிடித்தது விளையாட்டுக்கு அல்ல. மகள் பரிபூரணத்துக்காக. பரிபூரணத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊரிலேயே ஒரு சிறிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடமாகத் தற்காலிக உபாத்தியாயினி. அந்த மாதம் இருபத்துமூன்றாம் தேதி திங்கட்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வரப்போகிறார். இயற்கைப் பாடத்துக்கு உயிருள்ள பிராணி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பிள்ளைகள் அதைப் பார்த்துப் பாடம் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் "நன்று" என்று எழுதினால் பரிபூரணத்தின் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பள்ளிக்கூட மானேஜர் தமக்கு வேண்டிய வேறொரு பெண்ணை வைத்துக்கொள்வார். அதற்காக அவர் காத்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். வேலை போனால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். பரிபூரணத்துக்கு வீட்டோடு இருக்க விருப்பமில்லை. அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்தவர்கள் அதற்குக் காரணம் கேட்கமாட்டார்கள்.

திங்கட்கிழமையே தச்சர் தேயிலைப் பெட்டி ஒன்றுக்கு முன்பக்கம் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார். அரணை இருக்கிறது, பெட்டி இருக்கிறது. உள்ளே பரப்ப ஒரு கூடை மண் வேண்டும். பத்து நிமிட வேலை. இந்த இடத்தில்தான் அந்தப் பெண் ஒரு தவறு செய்தாள். மாலை ஐந்து பத்துக்கு, அப்பா காதில் விழும்படி, எந்த மண்ணைப் போடலாம் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

ஏட்டையா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"ஏட்டி, மண்ணுன்னா சின்ன விஷயமா? அது நடக்கதும் மண்ணுல, படுக்கதும் மண்ணுல, முட்டையிடுததும் மண்ணுல. அடி சரியா இருக்கணும். நீ சும்மா இரு, நான் பார்த்துக்கிடுதேன்."

குதிகால் இரண்டு முறை தட்டியது.

மறுநாள் காலை விசாரணை தொடங்கியது. போலீசில் இருபத்தெட்டு வருடம் இருந்தவருக்கு வேறு வழி தெரியாது. முதலில் சம்பவ இடம். முருங்கை மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் இடையே நூல் பிடித்து அளந்து, மேற்படி அரணையானது மேற்படி மரத்துக்குத் தென்கிழக்கே நாலு முழம் ஏழு விரற்கடையில் மேற்படி ஏசம்மாளால் பிடிக்கப்பட்டது என்று மகஜர் எழுதி, என்னையும் பால்காரர் பால்ச்சாமியையும் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் செய்தார். நான் போட்டேன். அளவு சரியாக இருந்தது.

அரணை முருங்கை மரத்தடியில் கிடைத்தது, முருங்கை மரத்தடி மண்ணைப் போட்டால் போதாதா என்று நான் கேட்டேன். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். ஏட்டையா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பிடிபட்ட இடம் வேற, சொந்த ஊரு வேற, அண்ணாச்சி. எம்புட்டுக் கள்ளனைச் சந்தையில வச்சுப் பிடிச்சிருக்கோம். அவன் சந்தையிலயா பிறந்தான்?"

ஆகவே முருங்கை மரத்தடி மண் முதல் நாளே தள்ளுபடி ஆயிற்று. விசாரணை முடிகிறவரை அரணை அந்த உடைந்த பானையிலேயே ரிமாண்டில் இருக்கும் என்று உத்தரவு. அரணைக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. தினமும் எட்டு நாற்பதுக்கு ஓட்டுத் துண்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டும். ஒன்பது பத்துவரை வெயில் காயும். ஏசம்மாள் போடும் கரப்பானை ஒரே கவ்வில் விழுங்கும். மறுபடி உள்ளே போகும். அரணைக்கு மறதி அதிகம், வந்த காரியத்தை மறந்துவிடும் என்று சொல்கிறார்கள். இருபத்தொரு நாள் பார்த்து எழுதியிருக்கிறேன். அது ஒரு நாளும் எதையும் மறக்கவில்லை. மறந்தவர் வேறு.

ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை கூமாப்பட்டிக்குப் போனோம். மலையடிவாரத்துச் செவல் மண்ணுக்காக. அங்கே விவசாயம் பார்க்கும் மலைச்சாமி என்ற சம்சாரி ஏட்டையாவுக்குப் பழக்கம். அவர் தோட்டத்தில் ஒரு முழக் குழி வெட்டச் சொல்லி, எடுத்த மண்ணையே மறுபடி குழியில் போட்டு, மண் மிஞ்சுகிறதா குறைகிறதா என்று பார்த்தார் ஏட்டையா. வீடு கட்டுமுன் மனை பார்க்கிறவர்கள் செய்கிற பரீட்சை இது. மிஞ்சினால் நல்ல மனை. நம் சபையில் மனை சாஸ்திரம் பார்க்கலாமா என்று கேட்டேன். "சாஸ்திரம் நமக்கில்ல அண்ணாச்சி. குழி நமக்கும் உண்டு" என்றார். மண் ஒன்றேகால் படி மிஞ்சியது.

மலைச்சாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, எம்புட்டுப் பெரிய வீடு கட்டப்போறிய என்று விசாரித்தார். வீடில்லை, பெட்டி என்றார் ஏட்டையா. பெட்டிக்குள்ளே யார் குடியிருப்பது? அரணை. மலைச்சாமி மண்வெட்டியைக் கீழே வைத்தார். பிறகு வரப்பைக் காட்டினார்.

"எங்க காட்டுல அது பாட்டுக்கு முப்பது நாப்பது கிடக்கு ஏட்டையா. ஒண்ணுகூட எங்கிட்ட குழி வெட்டிக் காட்டுன்னு கேக்கல."

ஏட்டையா அந்த வாக்குமூலத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. சாட்சி வழக்கைச் சேர்ந்தவர் அல்ல என்று என்னிடம் பஸ்ஸில் விளக்கினார்.

பிறகு ராஜபாளையத்துக்கு ஒரு பயணம், மாந்தோப்பில் மக்கிக் கிடக்கும் இலைக்காக. தோப்புக்காரர் தெலுங்கு பேசுகிற ராஜு; மட்டிக்காகவா, அதாவது மண்ணுக்காகவா, இவ்வளவு தூரம் வந்தீர்கள், ஆளுக்கு நாலு பழம் கொண்டுபோங்கள் என்று உபசரித்தார். ஏட்டையா பழத்தைத் தொடவில்லை. மாமரத்தின் வேர் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். நான் என் நாலையும் அவர் நாலையும் கொண்டுவந்தேன். செட்டியார்பட்டிக்குக் கிழக்கே கரிசல். ஓடையில் மணல். மர அறுவைக் களத்தில் மரத்தூள். தேங்காய் மட்டை அடிக்கிற இடத்தில் நார்த்தூள். பஞ்சுப்பேட்டையில் கழிவுப் பஞ்சு, ஏனென்றால் அரணைக்கு வயிறுதான் கால், வயிற்றுக்கு மெத்தை கூடாதென்று யார் சொன்னது? நடுவில் ஆடிப்பூரத் தேர் வந்தது. ஊர் வண்டிகளெல்லாம் ஜனங்களை ஏற்றப் போய்விட்டதால் மண் ஏற்ற வண்டி கிடைக்காமல் நாலு நாள் வீணாயிற்று. பதினாலாம் தேதி ஏழு மூட்டைகளும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் கோடித் துணியில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, வழக்கில் கைப்பற்றிய தொண்டிப் பொருளுக்கு ஒட்டுவதுபோலச் சீட்டு ஒட்டி, அதிலும் எங்கள் இரண்டு பேருடைய கையெழுத்தை வாங்கினார். பால்ச்சாமிக்குக் கையெழுத்துப் போட்டே அந்த மாதம் கை பழகிவிட்டது.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பரீட்சை. இதை நான் எழுதாவிட்டாலும் மடவார் வளாகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொல்லையில் ஏழு மண்ணையும் ஏழு படுக்கையாக விரித்தார். சட்டையைக் கழற்றினார். வேட்டியை இறுக்கினார். அரணை வயிற்றால் போகிற பிராணி ஆகையால் அந்த மண்ணை வயிற்றால்தான் அறிய முடியும் என்று எனக்குச் சொல்லிவிட்டு, செவல் மண்ணில் குப்புறப் படுத்தார். படுக்கைக்குப் பத்து நிமிடம். கடிகாரம் என் கையில்.

செவல் மண்ணில் சூடு இருக்கிறது, ஆனால் நேர்மையான சூடு என்றார். ஓடை மணல் உறுத்துகிறது. கழிவுப் பஞ்சில் பதினாலு முறை தும்மினார். மரத்தூள் தொப்புளில் புகுந்தது மறுநாள் காலைவரை முழுவதும் வெளியே வரவில்லை. மாந்தோப்பு இலைமக்கில் கட்டெறும்பு இருந்தபடியால் அந்தப் பரீட்சை மூன்றாவது நிமிடத்திலேயே முடிந்தது; அவர் எழுந்த வேகத்தை அளக்க என் கடிகாரத்தால் முடியவில்லை.

இதற்குள் தெருவில் செய்தி வேறு விதமாகப் போயிருந்தது. ஏட்டையா வீட்டில் அரணை வளர்ப்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது அவரைச் சட்டையில்லாமல் மண்ணில் கிடத்தியிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்தால் என்ன வரும்? அரணை கடித்துவிட்டது, விஷம் இறங்க மண்ணில் போட்டிருக்கிறார்கள் என்று பத்து நிமிடத்தில் கொல்லை நிரம்பிவிட்டது. வேதக்கோவிலிலிருந்து உபதேசியார் சூசை வேதப்புத்தகத்தோடு ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே ஜெபத்தைத் தொடங்கினார். ஏட்டையா ஜெபத்தை இடைமறிக்கிறவர் அல்ல. படுத்தபடியே கண்ணை மூடி, முழுவதும் கேட்டு, ஆமென் சொல்லி, அப்புறம் கரிசலுக்கு உருண்டார்.

கடைசிப் படுக்கை நார்த்தூள். அதில் தூங்கிவிட்டார். நாற்பத்தோரு நிமிடம். ஏசம்மாள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இவிய படுக்க இடம் கிடைச்சிருச்சு. இனி அரணைக்கு ஒண்ணு பார்க்கச் சொல்லுங்க."

பரிபூரணம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பதினெட்டாம் தேதி, இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்று நினைவூட்டினாள். ஐந்து நாள் இருக்குல்லா என்றார் அப்பா. பத்தொன்பதாம் தேதி மாலை அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, பெட்டியில் முருங்கை மரத்தடி மண்ணைத் தானே அள்ளிப் போட்டு அரணையையும் விட்டுவிட்டாள். அரைமணி நேரம் அந்தப் பெட்டி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது, நான் பார்த்தேன். அரணை கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து எங்களைப் பார்த்தது. ஏட்டையா திரும்பிவந்து, இது தொண்டிப் பொருளைக் கலைக்கிற குற்றம் என்று சொல்லி, அரணையைப் பானைக்கு அனுப்பி, பெட்டியைக் கவிழ்த்து, மூலைகளை ஈரத்துணியால் துடைத்தார். பரிபூரணம் மூன்று நாள் அப்பாவுடன் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாக எங்கும் குறிப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. எந்த மண்ணையும் தள்ள முடியவில்லை. ஒவ்வொன்றின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஆகவே ஏழையும் போடுவது. அடுக்கடுக்காக, அடுக்குக்கு இரண்டு விரற்கடை, ஒவ்வொன்றையும் சலித்து, மட்டப்பலகை வைத்து. திங்கட்கிழமை விடிந்து ஏழு மணிக்கு வேலை முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கண்ணாடி வழியே கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டுச் சேலைக் கரைபோல ஏழு பட்டைகள். மேலே நாலு விரற்கடை வெற்றிடம். பெட்டியை நாலு பேர் தூக்கிப் பால்ச்சாமியின் வண்டியில் ஏற்றினார்கள். பரிபூரணம் கரும்பலகையில் பாடம் எழுத எட்டு மணிக்கே போய்விட்டாள். அப்பா அரணையோடு வருவார் என்று நினைத்துப் போனாள்.

பத்தரைக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்தார். பதினொன்று ஐம்பது ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே மானேஜரிடம் சொல்லிவிட்டார். வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள். பின்னால் சுவரோரம் ஏட்டையா, அவர் பக்கத்தில் சாட்சியாக நான். அந்த அம்மாள் பெட்டியின்முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று நிமிடம் பார்த்தார்.

"பிராணி எங்கே?"

பரிபூரணம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"வீட்ல இருக்கும்மா" என்றார் ஏட்டையா, மிகவும் மரியாதையாக. "மண்ணு இறுக மூணு நாளாகும். பூசி முடிச்ச அன்னைக்கே புது வீட்டுல குடி வைப்பாகளா?"

பிள்ளைகளில் யாரும் சிரிக்கவில்லை. பரிபூரணம் அப்பாவின் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். எனக்குக் கேட்டது.

"அப்பா, அரணையைக் காட்டத்தான் பெட்டி."

அந்த இருபத்தொரு நாளில் அந்த விஷயத்தைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இதைவிடச் சரியான வாக்கியம் என் நோட்டில் இல்லை. ஏட்டையாவுக்கு அது புரியவில்லை. அதுக்குத்தானட்டி அடியைச் சரி பண்ணியிருக்கேன் என்றார்.

அவள் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் புறப்பட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வீடு ஒரு மைலுக்கு நூற்றிருபது கெஜம் குறைவு. ஆகஸ்டு மாதத்து வெயில். போனது பத்து ஐம்பதுக்கு.

அவள் போனபிறகு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் சும்மா இருக்க முடியாமல் குடையின் நுனியால் கண்ணாடியைத் தொட்டு, இந்த மூன்றாவது பட்டை என்ன என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஏட்டையா சுவரை விட்டு முன்னால் வந்தார். ஓடை மணல் என்றார். மணலை ஏன் நடுவில் வைத்தீர்கள், அடியில் அல்லவா வைக்க வேண்டும், தண்ணீர் வடிய வேண்டாமா என்றார் அந்த அம்மாள். மணல் அடியில் இருந்தால் கரிசல் அதற்குள் இறங்கிவிடும் என்றார் ஏட்டையா. அந்த அம்மாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எனக்குப் பழக்கம். பதினொரு பேரைப் பார்த்தேன் என்று சொன்னேனல்லவா, ஒரே அறையில் இரண்டு பேரைப் பார்த்தது அன்றுதான். அந்த அம்மாள் எழுந்து கரும்பலகைக்குப் போய், பரிபூரணம் இரண்டரை மணி நேரம் எழுதி வரைந்து வைத்திருந்த அரணைப் பாடத்தைத் துடைப்பானால் சுத்தமாக அழித்துவிட்டு, மணல் எங்கே இருக்க வேண்டும் என்று படம் போட ஆரம்பித்தார். ஏட்டையா இன்னொரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டார்.

பதினொன்று இருபத்திரண்டுக்குப் பரிபூரணம் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் உடைந்த பானை. முகமெல்லாம் வேர்வை. பானையை ஜன்னல் மேடையில், வெயில் விழும் இடத்தில் வைத்தாள். செத்த நேரத்தில் அரணை ஓட்டுத் துண்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டிற்று. முப்பத்துநாலு பிள்ளைகளும் ஓசையில்லாமல் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அது கண்ணை மூடித் திறப்பதை எண்ணினார்கள். எத்தனை விரல் என்று பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் அது மூச்சு விடுகிறது டீச்சர் என்றாள். ஆமாம், எந்தப் பக்கம் அசைகிறது பார் என்றாள் பரிபூரணம். நான் பார்த்த பாடங்களில் மிக நல்ல பாடம் அது. பதினாறு நிமிடம் நடந்தது. பார்க்க வேண்டியவர் முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகைமுன் நின்றார்.

"அம்மா, அரணை வந்திருக்கு" என்று இரண்டு முறை சொன்னாள்.

"ஒரு நிமிஷம் இரு குழந்தை. மணல் விஷயம் முடியட்டும்."

பதினொன்று முப்பத்தெட்டுக்கு ஜட்காக்காரர் குரல் கொடுத்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பதறி, பரிசோதனைப் புத்தகத்தை வாங்கி, நின்றபடியே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். ஏட்டையா ஜட்காவரை கூடவே போய், நார்த்தூளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். அந்த இரண்டு வரியையும் நான் நகல் எடுத்தேன். "மண் வகைகள் பாடம்: மிக நன்று. உயிருள்ள பிராணி: பார்க்கவில்லை."

மானேஜர் அதை மூன்று முறை வாசித்தார். முதல் வரி இருக்கும்போது பரிபூரணத்தை நீக்கவும் முடியவில்லை. இரண்டாவது வரி இருக்கும்போது நிரந்தரமாக்க அவருக்கு மனமும் இல்லை. இன்னும் ஒரு வருடம் தற்காலிகம் என்று எழுதிக் கொடுத்தார். பரிபூரணம் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, பானையை ஜன்னல் மேடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். ஏட்டையாவுக்கு அன்று முழுவதும் சந்தோஷம். "மிக நன்று"ன்னு போட்டிருக்காக என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. இதுவரை இந்தக் கதையை முப்பத்தோரு பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் ஒவ்வொருவரும் முதலில் என்ன கேட்டார்கள் என்பதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நாலு பேர், அந்தப் பெண்ணின் வேலை பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னேன். அடுத்த ஜூலையில் வேறொரு இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார். ஜன்னல் மேடையில் இருந்த பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேட்டார். "நன்று" என்று எழுதினார். மொத்தம் பதினொரு நிமிடம். பரிபூரணம் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், நிரந்தரமாக.

மீதி இருபத்தேழு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அது சரி, அந்த ஏழில் எந்த மண்தான் அரணைக்குச் சரி? அதிலும் பதினாறு பேர் என் பதிலுக்குக் காத்திருக்காமல், செவலோடு மணலைக் கலந்திருக்க வேண்டும், இலைமக்கைக் காயப்போட்டிருக்க வேண்டும் என்று தாங்களே தீர்ப்பும் சொன்னார்கள். அவர்களில் இரண்டு பேர் வக்கீல்கள், ஒருவர் டாக்டர். எல்லோரும் ஏட்டையாவைப் பற்றி விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தான்.

நீங்களும் சிரித்தீர்கள் என்று நினைக்கிறேன். நல்லது. ஆனால் இந்த நிமிடம் உங்கள் நாக்கு நுனியில் நிற்பது எந்தக் கேள்வி? பரிபூரணத்தின் காலில் வெயில் சுட்டதா என்பதா, மணல் மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்பதா? எனக்குச் சொல்ல வேண்டாம். குனிந்து உங்கள் வலது குதிகாலை மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டில், மண்ணைப் பற்றிக் கேட்டவர்கள் பட்டியலில், இருபத்தெட்டாவது வரிக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெயர் எழுதத்தான் பாக்கி.